துரையின் இருமல்

மனிதர்களில் பேய் நிபுணர் என்று ஓர் இனம் உண்டு. பேய்க்குப் பயப்படுகிறவரை இவரோடு சேர்த்துவிடாதீர்கள். பயப்படுகிறவர் வீட்டிலேயே கதவைச் சாத்திக்கொண்டு இருந்துவிடுவார், யாருக்கும் தொந்தரவில்லை. நிபுணர் தேடிப் போவார். கழுத்தில் இரண்டு தாயத்து, கையில் புதுப் போன், சட்டைப்பையில் ஓர் எலுமிச்சம்பழம், நாக்கு நுனியில் "நான் இதெல்லாம் நம்புறவன் இல்லீங்க, ஆனா..." என்று தொடங்கும் ஒரு வாக்கியம். அந்த "ஆனா"வுக்குப் பிறகு வரும் ஒரு மணி நேரம் உங்களுடையதல்ல.

எங்கள் மாத்தளையில் இவ்வினத்தின் தலைசிறந்த மாதிரி இராசமாணிக்கம். டவுனில் ஹார்ட்வெயார் கடை வைத்திருப்பவர். ஆணி, பெயின்ட், கூரைத் தகரம் எல்லாம் அவரிடம் கிடைக்கும். டவுனுக்கு மேலே ஒரு பழைய கோப்பித் தோட்டத்தை, டிக்கட் வாங்கிப் பார்க்கும் திறந்தவெளி நூதனசாலை ஆக்கியிருக்கிறார்கள். துரை பங்களா, கோப்பி ஸ்டோர், தொழிலாளர் இருந்த லயம் ஒன்று, எல்லாம் புதுக் கூரையும் புதுப் பெயின்டுமாக நிற்கின்றன. அங்கே நூற்றைம்பது வருடத்துக்கு முந்திய வெள்ளைக்காரத் துரை ஒருவர் பேயாக அலைகிறார் என்று பேச்சு. கிளப்பிவிட்டது யார் என்று கேட்கிறீர்களா? வேறு யார்!

போன ஐப்பசியில் என்னையும் இழுத்துக்கொண்டு போனார். பிற்பகல் மூன்று மணி. நல்ல மழை. வழிகாட்டியாக வந்த மேனகா, பக்கத்துத் தோட்டத்திலேயே பிறந்து படித்த பெண், எங்களை முதலில் ஒரு பலகையின் முன்னால் நிறுத்தினாள். கோப்பி பறிக்கத் தமிழகத்திலிருந்து கடல் தாண்டி இலங்கைக்கு வந்து, மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டுவழியே நடந்து, பாதி வழியில் செத்து விழுந்தவர்களைப் பற்றிய பலகை. நிபுணர் அதில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு சப்பாத்துச் சேற்றைத் தட்டினார். இத்தனை பேர் செத்திருக்கிறார்களே, ஒருவர்கூடவா பேயாக வரவில்லை என்று கேட்டேன்.

"அவங்க எப்படிங்க வருவாங்க? கூலிக்கு வந்த சனம்."

பார்த்தீர்களா? பேயாவதற்கும் ஓர் உத்தியோகம் வேண்டியிருக்கிறது.

லயத்துக்குப் போனோம். லயம் என்றால் ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒற்றை அறைக் காம்பராக்கள், காம்பராவுக்கு ஒரு குடும்பம். கடைசிக் காம்பராவுக்குள்ளிருந்து ஓர் இருமல் கேட்டது. நிபுணர் போனை நீட்டியபடி அசையாமல் நின்றார். அவருடைய மகளின் கல்யாணத்தன்றுகூட அந்த முகத்தில் அவ்வளவு ஆனந்தத்தை நான் கண்டதில்லை.

கதவைத் திறந்துகொண்டு கையில் விளக்குமாற்றோடு ஓர் அம்மா வந்தார். பெயர் பாலாமணி, நூதனசாலையைக் கூட்டிப் பெருக்குகிறவர். வேலிக்கு அப்பால் உள்ள உண்மையான லயத்தில் இருக்கிறார். அங்கே கூரை சல்லடையாகி மூன்று வருடம். தோட்ட நிர்வாகத்திடம் போனால் நூதனசாலையைக் கேள் என்கிறது. நூதனசாலை தோட்டத்தைக் கேள் என்கிறது. மழை வலுத்தால் அவர் இங்கே வந்து ஒதுங்குவார் என்றாள் மேனகா. அதாவது, டிக்கட் வாங்கிப் பார்க்க வைத்திருக்கும் அந்தக் காலத்து வறுமைக்கு நல்ல கூரை இருக்கிறது. இந்தக் காலத்து வறுமை நனைகிறது.

"நான்தாங்க இருமினேன்," என்றார் பாலாமணி. "ஈரத்துல படுத்துப் படுத்து நெஞ்செல்லாம் சளி. இன்னொரு மழைக்குத் தாங்காதுன்னு ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க. பழைய தகரம் இருந்தா குடுங்கன்னு ஒங்க கடைக்குக்கூட வந்தேனே மொதலாளி."

நிபுணர் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"நீ சும்மா இரு தாயி. நான் கேட்டது துரை இருமல். நம்ம ஆளுங்க இருமல் எனக்குத் தெரியாதா?"

இருமியவரே எதிரில் நின்று சொல்கிறார், சாட்சி செல்லவில்லை! நான் கொதித்துப்போய் வாயைத் திறப்பதற்குள் மேனகா முந்திக்கொண்டாள். அவ்வளவு பெரிய பங்களா இருக்கத் துரை ஏன் லயத்தில் வந்து இருமுகிறார் என்று மிகப் பணிவாகக் கேட்டாள். நிபுணர் கண்ணை மூடினார். செய்த பாவம் என்றார். என்ன பாவமாம்? சனங்களை ஒழுகுகிற லயத்தில் போட்டு வதைத்த பாவம். பரிகாரம்? கூரை போட்டுக் கொடுக்க வேண்டும். இந்த லயத்துக்குத்தான் கூரை இருக்கிறதே ஐயா என்றாள் மேனகா. நிபுணர் கண்ணைத் திறந்தார், வேலிக்கு அப்பால் பார்த்தார். எத்தனையோ தடவை வந்து போனவர், அந்தக் கூரையை அன்றைக்குத்தான் கண்டார்.

ஞாயிற்றுக்கிழமை நிபுணரின் கடையிலிருந்து வேலிக்கு அப்பால் லொறி வந்தது. பழைய தகரமல்ல, புத்தம் புதியது, பாலாமணியின் காம்பரா அளவுக்கு மட்டும். முதல் தகரத்துக்கு மஞ்சளும் குங்குமமும் பூசி, எலுமிச்சம்பழம் வெட்டி, துரைக்குப் பிடிக்குமென்று பிஸ்கட்டும் ஒரு கோப்பைத் தேத்தண்ணியும் படைத்தார். கோப்பித் துரைக்குத் தேத்தண்ணியா என்று கேட்க வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

ஒரு மாதத்தில் பாலாமணியின் இருமல் நின்றது. துரைக்கு மோட்சம் கிடைத்துவிட்டதென்று நிபுணர் டவுன் முழுக்கச் சொல்லித் திரிந்தார். எனக்கு வயிறு எரிந்தது. காய்ந்த தரை செய்த காரியத்துக்குப் பேயா பெயர் வாங்குவது? கடை வாசலில் வந்து கேட்ட மனுஷிக்கு இல்லாத தகரம், கேட்காத வெள்ளைக்காரனுக்கு எங்கிருந்து வந்தது? நாலு பேரைக் கூட்டி உண்மையை உடைக்கப்போகிறேன் என்று பாலாமணியிடமே போய்ச் சொன்னேன்.

அவர் காய்ந்த விறகை அடுக்கிக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்.

"நல்லா ஒடைங்க சார். ஆனா கொஞ்சம் பொறுத்து. பக்கத்துக் காம்பராவும் ஒழுகுது. நாளையிலேருந்து அங்க இருக்கிற புள்ள நூதனசாலைக்குப் போயி இருமுறதா பேசியிருக்கோம்."

அந்த லயத்தில் பன்னிரண்டு காம்பரா. வாழ்நாள் முழுக்க மூடநம்பிக்கையோடு சண்டை பிடித்த நான் இப்போது மீதிப் பதினொரு காம்பராவின் கூரைக்காக வாயை மூடிக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் படித்தவர், பேயாவது பிசாசாவது என்று சிரித்துக்கொண்டே இதுவரை வந்துவிட்டீர்கள். நல்லது. வேலிக்கு அப்பால் யார் இருக்கிறார்கள் என்று வந்தவர்களில் ஒருவராவது தன்னைக் கேட்டதில்லை என்கிறாள் மேனகா. டிக்கட்டைக் கிழித்துக் கொடுத்ததும் எல்லோரும் கேட்பது ஒன்றுதானாம்: பேய் எந்தப் பக்கம்?

அடுத்த விடுமுறைக்கு அங்கே போனால் நீங்கள் என்ன கேட்பீர்கள்? அவசரப்பட்டுச் சத்தியம் செய்யாதீர்கள். அந்தப் பலகையின் முன்னால் நானும் பேயைப் பற்றித்தான் கேட்டேன்.