படுத்துக்கொண்டு ரசம் சாப்பிட்டவர்

அமெரிக்காவுக்கு வேலை தேடி வந்தவர்களில் இரண்டாயிரம் வருடம் லேட்டாக வந்து சேர்ந்த ஒரே ஆள் ரோமாபுரிதான். டல்லஸ் ஏர்போர்ட்டிலிருந்து அழைத்து வரும்போதே ஃப்ரீவேயை எட்டிப் பார்த்து, "ரோடு போடறதுல ரோமன்ஸ அடிச்சுக்க ஆளே இல்ல தம்பி. இது ஏதோ சுமாரா இருக்கு" என்றார். கார் அப்போது எழுபது மைல் வேகத்தில் போய்க்கொண்டிருந்தது.

ரோமாபுரி நாங்கள் வைத்த பெயர், நிஜப் பெயர் பாஸ்போர்ட்டில் மட்டும் இருந்தது. சரித்திரத்தில் பட்டம் வாங்கி, அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாமல் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு, சென்னையில் ஏழு வருடம் புரோகிராம் எழுதியவர். கற்றுக்கொண்டது கம்ப்யூட்டர்தானே தவிர, குடியிருந்தது ரோமில்.

டல்லஸை ஒட்டிய காப்பெல் ஊரில் ஓர் அபார்ட்மெண்டின் மூன்றாவது மாடியில் எங்களைப் போட்டிருந்தார்கள். விசா எடுத்து எங்களை வரவழைத்த கம்பெனி அதற்கு கெஸ்ட் ஹவுஸ் என்று பெயர் வைத்திருந்தது. ஆறு பேர், ஒரு பாத்ரூம். ப்ராஜெக்ட் கிடைக்கும்வரை அங்கே காத்துக் கிடக்க வேண்டும். கம்பெனி கைவிட்டால் விசா போய்விடும். விசா போனால் அடுத்த விமானத்தில் ஊர். எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். திரும்பிப் போனால் என்ன சொல்வது என்று யோசித்தே எனக்கு அந்த வருடம் பாதி முடி கொட்டிவிட்டது.

ரோமாபுரிக்கு அந்தக் கவலை கிடையாது. ரோமில் ஏழைகள்தான் உச்சி மாடியில் குடியிருப்பார்கள், தீப்பிடித்தால் கடைசியாகத் தகவல் தெரிவதும் அவர்களுக்குத்தான் என்று வந்த முதல் நாளே அறிவித்தார். எங்கள் சமையல்காரன் குமரேசன் (அவனும் எஞ்சினியர்தான், வெங்காயம் நறுக்கத் தெரிந்த குற்றத்துக்காக அந்தப் பதவி) மிளகாய் தாளித்ததில் ஸ்மோக் அலாரம் அலறி மொத்தக் கட்டடமும் கீழே ஓடியபோது, இவர் மட்டும் படியில் நிதானமாக இறங்கி வந்து, தான் சொன்னதை எல்லோருக்கும் ஞாபகப்படுத்தினார்.

பாத்ரூமுக்குள் யார் போனாலும் கதவுக்கு வெளியே நின்று பேச்சுக் கொடுப்பார். ரோமில் இருபது பேர் வரிசையாக உட்கார்ந்து ஊர்வம்பு பேசியபடியே காலைக்கடன் முடிப்பார்களாம், கதவு வைத்ததிலிருந்துதான் மனிதகுலம் தனிமைப்பட்டுப் போனதாம். உள்ளே இருப்பவனுக்கு அன்றைய காரியம் அத்தோடு முடிந்தது.

சாப்பாடு இன்னும் மோசம். பெரிய மனிதர்கள் படுத்துக்கொண்டுதான் சாப்பிட்டார்கள் என்று கார்பெட்டில் இடது முழங்கையை ஊன்றிச் சாய்ந்துகொள்வார். எதிரே ரசம் சாதம். அது வாயை நோக்கிப் புறப்பட்டுப் பாதி வழியில் மனம் மாறி, கன்னம் வழியாகக் காதுக்குப் போய்ச் சேரும்.

"எழுந்து உக்காந்து தின்னுங்க சார். கார்பெட் கறை உங்க ரோமாபுரி ராஜா வந்தாலும் போகாது" என்பான் குமரேசன்.

"எட்டு நாள்ல பழகிரும்பா" என்பார் காதைத் துடைத்துக்கொண்டு. எட்டு மாதமாகியும் பழகவில்லை.

சனிக்கிழமைதான் அவருக்குத் திருவிழா. தன்னை நாங்கள் அங்கிள் என்று கூப்பிட வேண்டும் என்பது கம்பெனி முதலாளியின் ஆசை. சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு பெஞ்சில் இருப்பவர்கள், அதாவது ப்ராஜெக்ட் கிடைக்காதவர்கள், எல்லோரும் டை கட்டி, கழுத்தில் கம்பெனி அட்டையை மாட்டிக்கொண்டு அங்கிள் வீட்டு வாசலில் ஆஜராக வேண்டும். ப்ரொஃபஷனல் லுக் வேண்டுமாம். டெக்சாஸ் வெயிலில் டையோடு புல் வெட்டுவோம், கார் கழுவுவோம், சோபா நகர்த்துவோம். அங்கிள் பத்து மணிக்கு காபிக் கோப்பையோடு வந்து யார் யாருக்கு இன்டர்வியூ வரலாம் என்று குறி சொல்வார். கிளம்பும்போது ஆன்ட்டி, முந்தின நாள் பார்ட்டியில் மிஞ்சியதை அலுமினியத் தட்டில் மூடித் தருவார்.

முதல் சனிக்கிழமையே ரோமாபுரிக்குக் கண்கள் பனித்துவிட்டன. இதே சடங்கு ரோமிலும் உண்டாம். அண்டிப் பிழைப்பவர்கள் விடிந்ததும் கனமான கம்பளி அங்கியைச் சுற்றிக்கொண்டு புரவலர் வாசலில் போய் நிற்பார்கள். வணக்கம் சொன்னால் கூடையில் சாப்பாடு கிடைக்கும். அங்கிதான் எங்கள் டை, கூடைதான் அலுமினியத் தட்டு. கழுத்து அட்டைக்கும் விளக்கம் இருந்தது: 'நான் ஓடிப்போனால் பிடித்து என் எஜமானிடம் சேர்க்கவும்' என்று எழுதிய பட்டையை அங்கே அடிமைகளின் கழுத்தில் பூட்டுவார்களாம். நாங்கள் சிரித்தோம். அதன் பிறகு அட்டையை மாட்டும்போது சிரிப்பு வரவில்லை.

அங்கிளுக்கு எங்கள் பெயர்கள் ஞாபகம் இருக்காது. ரோமில் எஜமானின் காதில் வருகிறவர் பெயரை ஓத ஒரு ஆளே உண்டு என்று சொல்லி அந்த வேலையையும் ரோமாபுரி எடுத்துக்கொண்டார். நான் அருகில் போனால் அங்கிளின் தோளுக்குப் பின்னாலிருந்து, "இவன் ஜாவா, நாலு மாசமா பெஞ்ச்" என்று கிசுகிசுப்பார். அங்கிளும் உடனே, "வாப்பா ஜாவா" என்பார்.

ஒரு சனிக்கிழமை நான் தட்டை வாங்கித் திரும்பினேன். ரோமாபுரி ஆராய்ச்சி செய்கிறவரின் உண்மையான ஆர்வத்தோடு கேட்டார்.

"குனிஞ்சு வாங்கறது உனக்கு அவ்ளோ நல்லா வருதே தம்பி. பரம்பரையா? ரோம்லயும் அது அப்பா கிட்டேருந்து புள்ளைக்கு வரும்."

என் அப்பா ரைஸ்மில் முதலாளியின் கேட்டில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்பதை நான் பத்து வயதில் பார்த்திருக்கிறேன். அப்படி நிற்கக்கூடாது என்பதற்காகத்தான் படித்தேன். அவரோடு பேசுவதை அன்றோடு நிறுத்தினேன்.

அடுத்த சனிக்கிழமை பகலில் அங்கிள் வீட்டில் பார்பெக்யூ. ஒரு பெரிய கம்பெனியின் மேனேஜர் வந்திருந்தார், வெள்ளைக்காரர். அவரிடம் இருந்தது ஓர் இடம். ரோமாபுரி அல்லது நான். மற்றவனை வைத்திருக்க முடியாது என்று அங்கிள் முன்பே சொல்லிவிட்டார். வேலை தெரிந்தவர் ரோமாபுரி. எனக்கு ஆறு வாரக் கோர்ஸ்தான். என் ரெஸ்யூமில் அங்கிள் அதை மூன்று வருடமாக வளர்த்திருந்தார்.

ஐஸ் எடுக்க கிச்சனுக்குப் போனேன். அங்கிள் பின்னாலேயே வந்து கதவைச் சாத்தினார்.

"கெஸ்ட் ஹவுஸ்ல உங்காளு என்னைப் பத்தி ஏதோ கதை சொல்றானாமே?"

சும்மா இருந்திருக்கலாம். எல்லாவற்றையும் சொன்னேன். கூடை, அங்கி, கழுத்துப் பட்டை, எஜமான். அவர் கேட்காததையும் சொன்னேன். அங்கிள் நான் நிரப்பிய ஐஸ் வாளியைத் தானே தூக்கிக்கொண்டு போனார். அவர் எனக்காகச் சுமந்த ஒரே சுமை அதுதான்.

திரும்பும்போது குமரேசன் கார் ஓட்டினான். ரோமாபுரி பின் சீட்டில் டையோடு தூங்கிக்கொண்டிருந்தார்.

"நீ கிச்சன்ல இருந்தப்போ சார் அந்த மேனேஜர் காதுல ஓதிட்டு இருந்தார்டா" என்றான் குமரேசன். "எனக்கு முப்பத்தாறு ஆச்சு, இந்தப் பையன எடுத்துக்கோங்க, ரெண்டு மாசத்துல என்னைத் தாண்டிருவான்னு. மேனேஜர் சரின்னு கை குடுத்துட்டார்."

கிச்சனில் நான் சொல்லாமல் இருந்திருந்தாலும் வேலை எனக்குத்தான். முடியாது என்று சொல்லியிருந்தாலும், அவரையும் இன்னும் நாலைந்து மாதம் அங்கிள் வைத்திருந்திருப்பாரோ என்னவோ. திங்கட்கிழமை காலை அவருக்கு டிக்கெட் வந்தது. காரணத்தையும், போட்டுக்கொடுத்தது யார் என்பதையும் சொல்லிவிட்டுத்தான் கொடுத்தார்கள்.

ஏர்போர்ட்டுக்கு நான்தான் கொண்டுபோய் விட்டேன். வழி முழுக்க அவர் ஃப்ரீவேயைக் குறை சொன்னார். உள்ளே போகும் முன் பெட்டியைக் கீழே வைத்தார்.

"ரோம்ல அடிமை சாட்சி சொன்னா கோர்ட் ஏத்துக்காது, தெரியுமா? அடிச்சு உதைச்சு வாங்கினாத்தான் செல்லும். உன்னை அடிச்சாங்களா?"

"இல்ல சார்."

"ஒரு அறைகூடவா?"

"இல்ல சார்."

"அப்போ செல்லாது. விடு" என்று சொல்லிவிட்டு, கழுத்தில் இருந்த கம்பெனி அட்டையைக் கழற்றி என் கையில் வைத்துவிட்டுப் போனார்.

எனக்கு இப்போது வேலை இருக்கிறது. ஆனாலும் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு அங்கிள் வீட்டு வாசலுக்குப் போகத்தான் வேண்டியிருக்கிறது, க்ரீன் கார்டு அவர் கையில். தட்டை வாங்கி வந்து கார்பெட்டில் வைத்து, குமரேசன் ரசத்தை ஊற்றியதும், இடது முழங்கையை ஊன்றிச் சாய்ந்துகொள்கிறேன். ரசம் நேராகக் காதுக்குப் போகிறது. குமரேசன் துடைத்துக்கொள்ளத் துண்டு மட்டும் கொடுக்கிறான்.