மச்சான் கொடுத்த கிராபிக்ஸ் கார்டு

செவிலிமேடு,
வியாழக்கிழமை.

அன்புள்ள மச்சான் வேல்முருகனுக்கு உன் மாமா துரைக்கண்ணு எழுதுவது. இங்கே நானும் உன் அக்கா ரேவதியும் அபிநயாவும் சுகம். அவள் கம்ப்யூட்டருக்கு நீ கொடுத்தனுப்பிய கிராபிக்ஸ் கார்டு ஒன்றுதான் சுகமில்லை. ஓசூரில் நீ நன்றாக இருக்கவேண்டும் என்று இப்போதைக்கு வேண்டிக்கொள்கிறேன். கடிதம் முடியும்போது என்ன வேண்டிக்கொள்வேன் என்று எனக்கே தெரியாது.

கையில் செல்போன் இருக்க, காகிதம் எதற்கு என்பாய். நேற்று உன்னைத் திட்டி மூன்று நிமிஷத்துக்கு வாய்ஸ் மெசேஜ் பேசினேன். உனக்குப் போகிறது என்று நினைத்து நம் சொந்தக்காரர்கள் குரூப்பில் போட்டுவிட்டேன். திருப்புட்குழிப் பெரியப்பாவில் ஆரம்பித்து உன் மாமியார் வரைக்கும் எல்லாரும் கேட்டாகிவிட்டது. பதறிப்போய் அழித்தால் என் போனில் மட்டும் அழிந்தது, மற்றவர்கள் போனில் நான் இன்னும் கத்திக்கொண்டிருக்கிறேன். உன் மாமியார் கும்பிடு பொம்மை ஒன்று போட்டிருக்கிறார்கள். அதுதான் பேனாவை எடுத்தேன். இது ஒரு ஆளுக்குத்தான் போகும்.

கோபத்துக்கு வருகிறேன். காந்தி ரோடு பக்கம் ஒரு பட்டுக்கடையில் டிசைன் போடும் வேலைக்கு அபிநயாவைக் கூப்பிட்டிருக்கிறார்கள். புடவைக் கரைக்கு ஐந்து டிசைன் வரைந்து நாளை சாயங்காலம் ஐந்து மணிக்குள் அனுப்பவேண்டும், பிடித்தால் வேலை. அவளும் ராப்பகலாக உட்கார்ந்திருக்கிறாள். கம்ப்யூட்டரைப் போட்டால் பத்து நிமிஷம் பசுமாடு மாதிரி சாதுவாக இருக்கிறது. மயில் டிசைனைப் பெரிதாக்கிப் பார்த்தாளோ இல்லையோ, திரை கறுப்பு. பிறகு தானாக வந்து, டிஸ்ப்ளே டிரைவர் நின்றுவிட்டது, மறுபடி சரியாகிவிட்டது என்று இங்கிலீஷில் அறிவிப்பு வேறு. சரியானது எங்கேடா சரியானது, அடுத்த நிமிஷம் ஒட்டுமொத்தமாகப் படுத்துவிடுகிறது, வரைந்ததும் போய்விடுகிறது. பூஜை லீவு முடிந்த நாளிலிருந்து இதே கூத்து. அந்த மயிலை என் பெண் நான்கு தடவை வரைந்துவிட்டாள். நாலாவது மயிலின் மூஞ்சியிலேயே கடுகடுப்பு தெரிகிறது.

நீ போனில் என்ன சொன்னாய்? "மாமா, கார்டோட பழைய டிரைவர் சாஃப்ட்வேரை எடுத்துட்டு புதுசு போடுங்க, அஞ்சு நிமிஷ வேலை." எடுத்தேன். எடுத்தது சவுண்டு டிரைவராம், கம்ப்யூட்டர் ஊமையாகிவிட்டது. அதைச் சரிபண்ணி, சரியானதை எடுத்தேன், எழுத்தெல்லாம் பூசணிக்காய் சைஸுக்கு வந்தது. புதுசைப் போட்டேன், கறுப்பு. "புதுசுல பிரச்சினை இருக்குது மாமா, அதுக்கு முன்னாடி வந்ததைப் போடுங்க" என்றாய். போட்டேன், அதுவும் கறுப்பு. சேஃப் மோடுக்குப் போய்த் துடைத்துவிட்டுப் போடச் சொன்னாய், போனேன், துடைத்தேன், போட்டேன், கறுப்பு. சர்வீஸ் பண்ணுகிற சத்யராஜ் வந்தான். உள்ளே ஒரு பட்டையை உருவி, பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்துச் செருகினான். ஓடியது. காபி குடித்துவிட்டு அவன் தெருமுனையைத் தாண்டும் வரைக்கும்தான் ஓடியது. போன் பண்ணினால், "டிரைவர் பிராப்ளம்ணே, உங்க மச்சானையே கேளுங்க" என்கிறான்.

உன் அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லமுடியவில்லை. "என் தம்பி ஆசையா குடுத்தது குத்தமா? உன் தங்கச்சி குடுத்த மிக்சி மூணு மாசமா மூடியில்லாம சுத்திக்கினு இருக்குது, நான் ஏதாச்சும் கேட்டனா?" என்கிறாள்.

நான் பத்தாவது பெயில்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முப்பது வருஷமாக மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன். இந்த ஊரில் பாதி ஃபேன் என் கைபட்டுத்தான் சுத்துது. சூடாகி நிற்கிற மோட்டாரை வாசலில் நின்றே சொல்லிவிடுவேன். என்னையே உன் கார்டு முட்டாளாக்குகிறது என்றால் அது எவ்வளவு மட்டமான சரக்கு! அதற்கு நான் மரியாதை ஏதாவது குறைத்தேனா? ஆயுத பூஜை அன்று என் கடையில் எல்லா மோட்டாருக்கும் பொட்டு வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து, அபிநயா குளிக்கப் போயிருந்த நேரத்தில் கம்ப்யூட்டரையும் கவனித்தேன். மற்றவர்கள் மாதிரி வெளிப்பெட்டிக்கு வைத்துவிட்டுப் போகவில்லை. உழைக்கிறது உள்ளே இருப்பதுதானே? மூடியைக் கழற்றி உன் கார்டுக்கே, நட்டநடுவில், சந்தனம் குழைத்துத் தாராளமாக வைத்து மேலே குங்குமமும் வைத்தேன். இன்றைக்கும் பத்து நிமிஷம் ஓடினால் அறையெல்லாம் சந்தன வாசனை. கோயில் மாதிரி இருக்குது என்கிறாள் உன் அக்கா. இத்தனை செய்தும் இப்படிக் காலை வாருகிறது என்றால் அது கொடுத்த ஆளின் குணம், வேறு என்ன?

நீயும் சத்யப்ரியாவும் பிள்ளைகளும் நோய்நொடியின்றி நீடூழி இருங்கள். உனக்கு மட்டும் ஒரே ஒரு நாள், சம்பள விவரம் பார்க்கும் நேரமாகப் பார்த்து, திரை கறுப்பாகட்டும்.

இப்படிக்கு,
கோபம் இன்னும் இறங்காத
துரைக்கண்ணு

பின்குறிப்பு: வெள்ளிக்கிழமை. கடிதத்தை ஒட்டப்போகும் சமயம் அபிநயா மூடியைத் திறந்து டார்ச் அடித்தாள். "யப்பா, இங்க வாயேன். கார்டுல இருக்கிற ஃபேன் சுத்தவே இல்லப்பா. நடுவுல என்னமோ காஞ்சிபோய் ஒட்டிக்கினு இருக்குது."

பல்குச்சியால் நான்தான் நெம்பி எடுத்தேன். ஒரு ரூபாய்க் காசு அளவுக்குக் கட்டியாக வந்தது. ஃபேன் சுற்றியது. அதன் பிறகு ஒரு தடவைகூடத் திரை கறுக்கவில்லை. ஐந்து டிசைனும் நாலு மணி பத்து நிமிஷத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. ஐந்தாவது மயில் சிரித்த முகமாக இருக்கிறது.

"சூடாவாம இருக்க கார்டுக்கு அடியில பேஸ்ட்டு வெப்பாங்கப்பா. மாமா ஜாஸ்தியா வெச்சிட்டாரு போல, மேல வழிஞ்சிட்டிருக்குது. அவரத் திட்டாதப்பா, பாவம்" என்றாள் அபிநயா. "என் தம்பிக்கு எப்பவும் தாராள கை" என்றாள் உன் அக்கா. அந்தக் கட்டியை இருவர் மூக்குக்கும் எட்டாமல் உள்ளங்கையில் மூடிக்கொண்டு, "விடும்மா, தெரியாம பண்ணிட்டான்" என்று உன்னைப் பெரிய மனதோடு மன்னித்துவிட்டேன். வைத்தது நான்தான் என்று மட்டும் சொல்லவில்லை.