தேநீருக்கு இரண்டு தட்டு

தெரியாத விஷயத்தில்தான் எனக்கு வாய் அதிகம். தெரிந்த விஷயங்களில் அடக்கமாக இருந்துவிடுவேன் (மொத்தம் இரண்டோ மூன்றோ இருக்கும்). இந்தக் குணத்தால் என் கல்யாணமே ஒரு மாதம் அந்தரத்தில் தொங்கியது.

எண்ணூர் பக்கம் ஒரு சரக்குக் கிடங்கு அலுவலகத்தில் நானும் செல்வியும் ஒன்றாக வேலை பார்த்தோம். அவளுக்கு அப்பா இல்லை. அண்ணன் குமார்தான் எல்லாம். அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். நாள் முழுக்க கன்டெய்னர் பெட்டிகளைத் தூக்கித் தூக்கி வைப்பவர் என்பதால், ஆட்களையும் எடை போட்டுத்தான் பார்ப்பார். "பையனை ஒரு தபா பாத்துட்டு சொல்றேன்" என்று தங்கையிடம் சொல்லியிருந்தார். அவர் சரியென்றால் கல்யாணம், இல்லையென்றால் இல்லை.

வேறொருவனாக இருந்தால் திருவொற்றியூரிலேயே ஒரு பிரியாணிக் கடைக்கு அழைத்துப் போயிருப்பான். நான் அண்ணா சாலைப் பக்கம் கூட்டம் அலைமோதும் ஒரு கான்டனீஸ் உணவகத்தில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு மேஜை பிடித்தேன். கான்டனீஸ் என்பது சீனாவில் ஒரு வட்டாரத்துச் சமையல் என்பதே எனக்கு முந்தின வாரம்தான் தெரியும். அதுவரை என் சீனா, டோல்கேட் தள்ளுவண்டி ஃப்ரைட் ரைஸ். வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளியதில் ஒரு வழக்கம் மனதில் பதிந்தது. யாராவது நம் கோப்பையில் தேநீர் ஊற்றினால், இரண்டு விரல்களை மடக்கி மேஜையில் தட்ட வேண்டும். நன்றி என்று அர்த்தம்.

"பெண் பார்க்கிற மாதிரி வேணாம், பிரெண்ட்ஸுங்க சாப்பிடப் போற மாதிரி போலாம்" என்றாள் செல்வி. அதனால் என் தரப்பில் வியாசர்பாடி தாஸையும் கூட்டிக்கொண்டேன். என் உயிர்த் தோழன். மரண கானா பாடுகிறவன். சாவு வீட்டில் இறந்தவர் பெயரையும் தொழிலையும் சேர்த்து அங்கேயே பாட்டுக் கட்டுவான். அன்றைக்கும் புளியந்தோப்பில் ஒரு துக்க வீட்டில் விடிய விடியப் பாடிவிட்டு, குளித்த தலையோடு வந்திருந்தான். "வாயையே தொறக்கக் கூடாது" என்று வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறும்போதே சத்தியம் வாங்கினேன்.

"சோறு துன்னவாச்சும் தொறக்கலாமா மாமு?" என்றான்.

உணவகத்தில் எல்லாம் ஒழுங்காகத்தான் ஆரம்பித்தது. மூங்கில் கூடையில் ஆவி பறக்கும் கொழுக்கட்டைகள் வந்தன (அவர்கள் வேறு பெயர் சொன்னார்கள்). குமார் அண்ணன் ஒன்றைப் பிய்த்து உள்ளே இறாலைப் பார்த்துத் திருப்தியானார். சர்வர் கோப்பையில் தேநீர் ஊற்றினார். நான் கம்பீரமாக இரண்டு விரல்களால் தட்டினேன். கோப்பையோ கட்டைவிரல் அளவு. இரண்டு வாய் குடித்தால் காலி. சர்வர் மறுபடி ஊற்றினார். நான் மறுபடி தட்டினேன்.

"இன்னா தம்பி, பயமா கீதா? கையி ஆடிகினே கீது" என்றார் குமார் அண்ணன்.

விளக்கினேன். அத்தோடு விட்டிருக்கலாம். "நீங்களும் தட்டணும்ணே, இல்லைன்னா மரியாதை இல்ல" என்று சேர்த்தேன். அவர் மரியாதை தெரிந்த மனிதர். உடனே தட்ட ஆரம்பித்தார். கிரேன் நெம்புகோல் பிடித்த கை அல்லவா, கனமாகவே விழுந்தது. நான் டக் டக், அவர் டொம் டொம்.

எதிரே தாஸின் தலை லேசாக ஆடியது. செல்வி அதைப் பார்த்துவிட்டு என் காலை மிதித்தாள். தேநீரைக் குறைக்கச் சொல்கிறாள் என்று நினைத்தேன். தாஸின் மோதிரம் தட்டின் விளிம்பில் மூன்றாவது தாளமாகச் சேர்ந்தது. அப்புறம் அவன் கண்ணை மூடினான்.

"ஊரு பெட்டி தூக்குனியே, உச்சியில குந்துனியே,
குமாரு அண்ணாத்தே, ஐஸு பெட்டியில படுத்தியே!"

நல்ல குரல். கடைசி மேஜை வரை கேட்டது. ஒரு குழந்தை கை தட்டியது. ஊற்றிக்கொண்டிருந்த சர்வர் ஊற்றிக்கொண்டே இருந்தார், தேநீர் என் மடியில் இறங்கியது. அதற்கு நான் தட்டவில்லை.

"டேய், இன்னாடா இது!" என்றேன்.

தாஸ் கண்ணைத் திறந்து மிரண்டான். "தாளத்துல அடி வந்துச்சு மாமு. பேரு இல்லாம பாட்டு நிக்காது. பக்கத்துல அண்ணன் பேருதான் இருந்துச்சு."

உயிரோடு இருப்பவருக்கு, அதுவும் கல்யாணம் பேச வந்த இடத்தில், ஒப்பாரி. குமார் அண்ணன் வாயைத் துடைத்துக்கொண்டு, "செல்வி, கெளம்பு" என்றார். அவ்வளவுதான். அன்று நான் நிஜமாகவே அழுதேன். தாஸ் மீதி கொழுக்கட்டைகளைப் பார்சல் கட்டச் சொன்னான்.

ஒரு மாதம் பதிலே இல்லை. பிறகு ஒரு நாள் குமார் அண்ணன் என்னைக் கூப்பிட்டார். "யோசிச்சுப் பாத்தேன். எங்கப்பன் செத்தப்போ பாட ஒருத்தனும் ஆம்புடல. நீ மாப்பிள்ளைன்னா அவன் எனுக்குப் பாட வருவான்ல?" என்றார். வருவான் என்றேன். "அப்ப நாள் குறிச்சுக்கோ."

இப்படி என் குணத்துக்காக அல்ல, தோழனின் குரலுக்காகத்தான் எனக்குப் பெண் கிடைத்தது. அதிலிருந்து குமார் மச்சானிடம் யாரும் எதுவும் கேட்க முடியாது. கேபிள் ரிப்பேரா, கடைக்குப் போக வேண்டுமா, "எனுக்குத்தான் பாட்டு பாடியாச்சே, நான்தான் பூட்டேனே" என்று செத்தவர் மாதிரி கால் நீட்டிப் படுத்துவிடுவார்.

போன மாதம் என் மகனுக்குக் காதுகுத்து. ஆசாரி ஊசியோடு தயாராக உட்கார்ந்து, "தாய்மாமன் எங்கங்க?" என்று கேட்டார். முதல் நாற்காலியில் பட்டு வேட்டியோடு இருந்த மச்சான், அசையாமல், "தாய்மாமன் பூட்டாருபா. ஐஸ் பெட்டியில கீறாரு" என்றார்.

ஆசாரி ஊசியைக் கீழே வைத்துவிட்டார். "அடடா, எப்போங்க?"

"அஞ்சு வருசம் ஆச்சு" என்றாள் செல்வி. "எழுந்து வாண்ணா, புள்ளைய மடியில வாங்கு."