எட்டு நிமிஷத்துக்கு ஒரு துள்ளல்

அன்றைக்கு எனக்கிருந்த வேலை ஒன்றே ஒன்று. மொட்டைமாடியில் உட்கார்ந்து ஒரு நட்சத்திரம் நகர்கிறதா என்று பார்க்க வேண்டும்.

என் வீட்டுக்காரருக்கு வானத்தைப் படம் பிடிக்கிற பைத்தியம். பூமி சுற்றுகிற வேகத்துக்கு டெலஸ்கோப்பை மெல்லத் திருப்பிக்கொண்டே இருக்க, மோட்டார் வைத்த ஸ்டாண்டு ஒன்று மெட்ராஸில் ஒருவரிடம் வாங்கினார். அப்போதுதான் படத்தில் நட்சத்திரம் புள்ளியாக விழுமாம். எங்களுக்கு விழுந்ததெல்லாம் நெளிநெளியாகப் புழு.

இதில் தை மாசம் நாத்தனார் வீட்டு கிரகப்பிரவேசம். "ஹால்ல மாட்ட உங்கண்ணன் எடுத்த நட்சத்திரப் படம்தான்"னு வாக்கு கொடுத்தவள் நான்!

மூன்று ரோல் பிலிம் தீர்ந்தது. ஸ்டூடியோக்காரர், "கை ஆடிடுச்சா சார்?" என்றார். இவர் முகம் செத்துப்போச்சு.

"வடக்கே மலை மறைக்குது. துருவ நட்சத்திரம் தெரிஞ்சாதான் ஸ்டாண்டை நேரா வைக்க முடியும்."

"அண்ணாமலையாரைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லட்டுமா?"

வேங்கிக்காலில் நாத்தனாரின் புது வீட்டு மாடிக்குத் தூக்கிப் போனோம். அங்கே மலை தெற்கே இருந்தது. துருவ நட்சத்திரம் ஜோராகத் தெரிந்தது. படத்தில்? புழு.

"கிரிவல பஸ்ஸுங்க ஜாஸ்தி. தரை அதிருது."

"பௌர்ணமிக்கு இன்னும் பத்து நாள் இருக்குங்க!"

எனக்குப் பொறுமை கம்மி. கான்வென்ட்டில் சிஸ்டர் மண்டையில் ஏற்றிய பௌதிகம் கொஞ்சம் மிச்சமிருந்தது. அன்றைக்கு எங்கள் மாடியிலேயே ராத்திரி ஏழு மணிக்கு வாட்ச்சும் கையுமாக உட்கார்ந்துவிட்டேன். டெலஸ்கோப்புக்குள் நட்சத்திரம் சமர்த்தாக நின்றது. திடீரென்று ஒரு துள்ளல்! எட்டு நிமிஷம் கழித்து இன்னொன்று. மறுபடி எட்டு.

"எட்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை சுத்துறது எதுங்க?"

"உள்ள இருக்கிற சின்ன கியர்."

"அதுலதான் கோளாறு. ஓட்டை உடைசலை உங்க தலையில கட்டிட்டான் அந்த மெட்ராஸ் ஆளு!"

போனை நானே எடுத்தேன். "மனசாட்சி இருக்கா உங்களுக்கு?"னு தமிழில் ஆரம்பித்து இங்கிலீஷில் முடித்தேன்.

பாவம், மூன்றாம் நாள் காலையில் விற்றவரே பஸ் பிடித்து வந்து நின்றார். நான் காபி கூடக் கொடுக்கவில்லை.

ஸ்டாண்டின் மூடியைக் கழற்றினார். உற்றுப் பார்த்தார். நகத்தால் சுரண்டினார். மோந்தும் பார்த்தார்.

"அம்மா... இது சந்தனம்."

"என்னது?"

"மேல குங்குமமும் இருக்குதுங்க. காஞ்சு கல்லாட்டம் ஒட்டிக்கிச்சு. ஒவ்வொரு சுத்துக்கும் பல்லு அதுமேல ஏறி எறங்குது."

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

ஸ்டாண்டு வந்த வாரமே ஆயுத பூஜை. கிரீஸ் போடுவதற்காக இவர் மூடியைக் கழற்றி வைத்திருந்தார். மிக்சி, கிரைண்டர், ஸ்கூட்டர் என்று வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டே வந்த நான், உள்ளே பளபளவென்று ஏதோ இருந்ததே என்று அதற்கும் ஒன்று வைத்தேன். பெரிசாகவே வைத்தேன்.

மண்ணெண்ணெயும் டூத்பிரஷும் போட்டுத் தேய்த்தார்கள். பிரஷ் என்னுடையது. வாயைத் திறக்க எனக்கு யோக்கியதை ஏது? வந்தவருக்குக் காபி என்ன, கேசரியே கிண்டிப் போட்டேன்.

படம் வந்தது. அத்தனையும் புள்ளி! கண்ணாடி போட்டு, கிரகப்பிரவேசத்தன்று ஹாலில் மாட்டினோம். நாத்தனார் பூரித்துப்போனாள்.

"எவ்ளோ அழகா இருக்கு அண்ணி! கண்ணு பட்டுடும்"னு சொல்லிக்கொண்டே சந்தனக் கிண்ணத்தோடு வந்து, கண்ணாடி மேல் நட்டநடுவில் ஒரு பொட்டு வைத்தாள்.

இவர் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார்.

"உங்க குடும்பத்துப் பழக்கந்தாங்க," என்றேன்.