சாக்குப் போர்த்திய போதகர்

காரைக்குடி
10.11.1968

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை எஸ்தர் எழுதுவது. நான் சுகம். அண்ணியும் பிள்ளைகளும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். ஜெபத்தில் எனக்குப் பழக்கம் குறைவு, ஆனாலும் இதற்குச் செய்கிறேன்.

பேராயர் அலுவலகத்தில் தபால் பிரிப்பவர் நீங்கள் என்பதால் முதலில் உங்களிடம் சொல்கிறேன். எங்கள் போதகர் ஞானசிகாமணியை வேறு ஊருக்கு மாற்றக் கோரி ஒரு மனு எழுதினேன். அறுப்பின் பண்டிகை விருந்தில் தாசில்தார் முன்வரிசையில் காத்திருக்க, போதகர் கொல்லைப்புறத்தில் எச்சில் இலை எடுத்துக்கொண்டிருந்தார். கோயில் பெருக்கும் சின்னத்தாயிக்குக் கால் சுளுக்காம், அதனால் அவள் வேலையை இவர் செய்தாராம். சபைச் செயலாளர் செம்மலை, "தலை நிமிர முடியல டீச்சர். நீங்க எம்.ஏ. படிச்சவுக, நறுக்குன்னு எழுதிக் குடுங்க" என்றார். எனக்கும் அந்தப் பணிவு பார்வைக்குச் செய்வதாகவே பட்டது. இரண்டு பக்கம் எழுதி, சபையாரிடம் கையெழுத்து வாங்கி, உறையிலிட்டு ஒட்டி, தபாலில் சேர்க்க என் மேசையில் வைத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை அடைமழை. வீட்டுச் சாக்கடை அடைத்து, தண்ணீர் புத்தக அலமாரி வரை வந்துவிட்டது. வீடு சபையுடையது என்பதால், 'ஓர் ஆள் அனுப்பவும்' என்று போதகருக்குச் சீட்டு எழுதி, வேலைக்காரி அழகுவிடம் கொடுத்தனுப்பினேன். கோணிச் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஒருவர் வந்தார். ஜன்னலில் நின்றபடி ஒரு மணி நேரம் வேலை வாங்கினேன்.

"அங்குட்டு இல்லப்பா, இங்குட்டு. சேத்தை வழியில போடாத."

"சரிங்கம்மா."

காபியை வேலையாட்களுக்கென்று வைத்திருக்கும் டம்ளரில் அனுப்பினேன். குடித்துவிட்டுக் கழுவிக் கவிழ்த்தும் வைத்தார். பிறகு சாக்கை எடுத்தார். போதகர்.

"ஆள் அனுப்பச் சொல்லியிருந்தீக. மழைக்கு யாரும் அகப்படல, நான் சும்மாதான இருந்தேன்" என்றார். நான் உள்ளே போய்விட்டேன்.

இன்று பிரசங்கத்தில் இதை உதாரணமாகச் சொல்வார், வேஷத்தை அங்கே பிடித்துவிடலாம் என்று போய் உட்கார்ந்தேன். நாற்பது நிமிடம் யோபுவைப் பற்றி மட்டுமே பேசினார், அதுவும் சுமாராக. வாசலில் என்னிடம், "புத்தகமெல்லாம் காஞ்சிருச்சா டீச்சர்?" என்றார். அவ்வளவுதான். அண்ணா, பல வருஷத்துக்குப் பிறகு கோயிலிலிருந்து நன்றியோடு வீடு திரும்பினேன்.

மனுவைக் கிழித்துவிடப் போகிறேன். அப்படியொன்று உண்டு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அண்ணிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசிகள்.

தங்கள்
எஸ்தர்

பி.கு.: கிழிப்பதற்காகத் தேடினேன், மேசையில் மனு இல்லை. அழகுவைக் கேட்டால், "அன்னைக்கு மழையில போதகர் ஐயா போஸ்டாபீசு வழியாத்தான் போறேன்னாக, குடுத்துவிட்டேன். நனஞ்சிரும்னு சட்டைக்குள்ள வச்சுக்கிட்டுப் போனாக" என்கிறாள். இதற்குள் உங்கள் கைக்கு வந்திருக்கும். பேராயரிடம் இரண்டையும் சேர்த்தே கொடுங்கள். இந்தக் கடிதம் மேலே இருக்கட்டும். மனுவின் நடை நன்றாக வந்திருக்கிறது, அதுதான் பயம்.