எலக்ட்ரான் கேட்டைத் தாண்டிய வியாழக்கிழமை

ஓட்டப்பந்தயம் எதிலும் நான் ஜெயித்தவன் இல்லை. வாழ்க்கையில் ஒரே ஒருமுறை, ஒரு கம்பெனியே திரண்டு ஓடிய ஓட்டத்தில், மூன்றாவதாக வந்திருக்கிறேன். அப்போது என் கழுத்தில் ‘சோடியம்’ என்று எழுதிய அட்டை ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. எனக்குப் பெண் கொடுக்கலாமா என்று பார்த்துப் போக வந்திருந்த பெரியவரை, திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளேயே விட்டுவிட்டு ஓடியிருந்தேன்.

கல்லூரி நாளிலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறவன் நான். மழை தொடங்கிய நேரம், பஸ் தாமதமான நிமிடம், எந்தப் புத்தகத்தை எந்தக் கிழமை முடித்தேன் என்பதெல்லாம் அதில் உண்டு. (எதற்கு என்று கேட்காதீர்கள். என் மனைவி ஜீனத் கேட்டு அலுத்துவிட்டாள்.) ஆனால் அந்த வியாழக்கிழமைப் பக்கத்தில் ஒரே ஒரு சொல்தான் இருக்கிறது: ‘ஓடினேன்.’ மிச்சத்தை இப்போது எழுதுகிறேன்.

அப்போது நாரணாபுரம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் எனக்கு வேலை. வேதியியல் படித்தவன் என்பதால் மருந்து மூட்டைகளின் இருப்பும் ஆட்களின் வருகைப் பதிவேடும் என் பொறுப்பில் இருந்தன. விருதுநகரில் ஜீனத்தைப் பேசி முடிக்கும் கட்டத்தில் இருந்தார்கள். அவளுடைய அத்தா (அப்பா), எனக்கு மாமா, பஜாரில் மளிகை மொத்த வியாபாரி. அவர் கடையில் உப்பு மூட்டைதான் அதிகம் போகும். மாமாவுக்கு என்னிடம் ஒரே ஒரு குறைதான் தெரிந்தது.

“பையன் நல்ல பையன்தான். ஆனா பட்டாசுக் கம்பெனியாம்ல. எம்பொண்ணு தெனமும் சாயங்காலம் வாசலைப் பாத்துக்கிட்டே நிக்கணுமா?”

நியாயமான கேள்வி. அடக்கமாக ஒரு பதில் சொல்லியிருக்கலாம். நான் என்ன செய்தேன்? “எங்க கம்பெனிக்கு ஒருநாள் வந்து பாருங்க மாமா” என்று சொல்லி அனுப்பினேன். அதுவும் நான் பாடம் நடத்தப்போகிற நாளாகப் பார்த்து.

பாடம் வந்த கதை இது. எங்கள் ஆட்கள் வெடியுப்பு என்று சொல்வது மூட்டையில் பொட்டாசியம் நைட்ரேட் என்று அச்சாகி வரும். இப்படி ஒவ்வொன்றுக்கும் இரண்டு பெயர். மூட்டை மாறிவிடக் கூடாதே என்று முதலாளி, “இந்தப் பேரெல்லாம் எப்பிடி வருதுன்னு எல்லாருக்கும் ஒருநாளு சொல்லிக் குடு” என்றார். நான் தலையாட்டியதோடு நிற்காமல், நான்கு இரவுகள் உட்கார்ந்து நாடகமாகவே தயாரித்துவிட்டேன்.

பட்டாசு அறை ஒவ்வொன்றின் வாசலிலும், உள்ளே எத்தனை பேர் இருக்கலாம் என்று எழுதியிருக்கும். அதையே பிடித்துக்கொண்டேன். அணுவுக்கும் அறைகள் உண்டு, அதில் எலக்ட்ரான்கள் உட்கார்ந்திருக்கும், வெளி அறையில் எட்டுப் பேர் நிறைந்தால் அணுவுக்கு நிம்மதி என்றேன். சோடியத்தின் வெளி அறையில் ஒரே ஒருவர். குளோரினின் வெளி அறையில் ஏழு பேர்.

“அந்த ஒத்த ஆளை இங்கன அனுப்பிட்டா முடிஞ்சு போச்சு. இதுக்கு எதுக்குத் தம்பி படிப்பு?” என்றார் மாரியம்மா அக்கா. வெடிக்குள் திரியைச் செருகி முடுக்குவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. வாயிலும் அப்படித்தான்.

அவர் சொன்னதுதான் பாடமே. ஒன்றைக் கொடுத்த சோடியம் நேர்மின் அயனி ஆகும். ஒன்றை வாங்கிய குளோரின் எதிர்மின் அயனி ஆகும். எதிரெதிர் மின்சுமை என்பதால் இரண்டும் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொள்ளும். பெயர் வைக்கும்போது கொடுத்தவர் முன்னால், பெயர் மாறாமல். வாங்கியவர் பின்னால், வால் மட்டும் மாறி: குளோரின் குளோரைடு ஆகும், ஆக்சிஜன் ஆக்சைடு ஆகும்.

“கொடுக்கிற ஆளு ரெண்டு கொடுத்தா?” இது சுப்பையா அண்ணன், லோடு இறக்குகிறவர்.

“மெக்னீசியம் அப்படித்தான்ணே. ரெண்டு குளோரின் வந்து ஆளுக்கு ஒண்ணு வாங்கிக்கிடும். அப்பவும் பேரு மெக்னீசியம் குளோரைடுதான்.”

சுப்பையா அண்ணன் இதை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். மாமா வேப்பமரத்தடியில் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். கேட்டிலேயே செல்போனையும் செருப்பையும் வாங்கி வைத்துவிட்டதில் அவருக்குக் கம்பெனி மேல் கொஞ்சம் மரியாதை ஏற்பட்டிருந்தது. முகம் தெளிவாக இருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

இனி நாடகம். முற்றத்தில் சுண்ணாம்பால் இரண்டு வட்டம். ஒன்றில் சோடியம் அட்டையோடு நான், என் பக்கத்தில் ஒற்றை எலக்ட்ரானாக மாரியம்மா அக்கா. கேட்டுக்குப் போகும் வழியில் இன்னொரு வட்டம். அதன் நடுவில் குளோரின் அட்டையோடு சுப்பையா அண்ணன், சுற்றி ஏழு பெண்கள்.

“எலக்ட்ரான் வந்து சேர்ற வரைக்கும் குளோரின் எடத்தை விட்டு அசையக் கூடாதுண்ணே” என்றேன். பிறகு மாரியம்மா அக்காவைப் பார்த்து, “ஓடுங்கக்கா” என்றேன்.

அவர் ஓடவில்லை. “ஓடணுமா? நடந்து போனா ஆகாதா தம்பி?”

அந்தத் தயக்கத்தின் பொருள் எனக்குப் புரிந்திருக்க வேண்டும். எங்கள் பக்கத்துக் கம்பெனிகளில் யாரும் விளையாட்டுக்கு ஓடுவதில்லை. மழை வந்தாலும் நடை, வேலைக்குப் பிந்தினாலும் நடை. ஒருவர் ஓடினால் அதற்கு ஒரே ஒரு காரணம்தான் இருக்கும். பார்த்தவர்கள் எல்லாரும் ஓட வேண்டும். சுவரில் அதை எழுதி வைத்ததே நான்தான், என் குண்டுக் கையெழுத்தில்: ‘ஒருவர் ஓடினால் அனைவரும் ஓடுக. காரணத்தை வெளியில் கேட்டுக்கொள்ளலாம்.’

“எலக்ட்ரான் நடக்காதுக்கா. வேகமா ஓடுங்க!” என்றேன்.

அவர் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடினார்.

பாடத்துக்கு வராமல் அறைகளில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அதைப் பார்த்தார்கள். அவர்களுக்கு எலக்ட்ரான் தெரியாது, மாரியம்மாவைத் தெரியும். அடுத்த நொடி எல்லா அறைக் கதவுகளிலிருந்தும் ஆட்கள் கொட்டினார்கள். அவர்கள் ஓடிவருவதைப் பார்த்த மாரியம்மா அக்கா, தனக்குப் பின்னால் உண்மையிலேயே ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து, குளோரினில் நிற்காமல் அதைக் குறுக்கே கடந்து கேட்டை நோக்கிப் போனார். குளோரினின் ஏழு எலக்ட்ரான்களும் அவர் பின்னால் போயின.

ஓடச் சொன்னவனே நான். அவர் எதற்காக ஓடுகிறார் என்பது உலகத்திலேயே எனக்குத்தான் தெளிவாகத் தெரியும். இருந்தாலும் ஓடினேன். ஏழு பேரில் ஆறு பேரைத் தாண்டியும் ஓடினேன். ரோட்டில் பால்கேனோடு போன ஒருவர், கழுத்தில் சோடியம் தொங்க ஓடிவந்த என்னைப் பார்த்து வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

எல்லாரும் கூடும் கருவேல மரத்தடியில் நின்றபோதுதான் கவனித்தேன். மாமாவை விட்டுவிட்டேன். வருகைப் பதிவேட்டை மட்டும் விடாமல் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்திருக்கிறேன்.

பெயர் வாசித்தேன். எல்லாரும் இருந்தார்கள், சுப்பையா அண்ணனைத் தவிர.

முதலாளி கூட்டத்தை ஒருமுறை பார்த்தார். “ஏலே, ஒன்னைப் பாக்க வந்த பெரிய மனுசரு எங்கலே?”

நான் கேட்டைக் கைகாட்டினேன். அதற்குள் பக்கத்தில் வழக்கு தொடங்கிவிட்டது.

“மாரியம்மா, என்னத்துக்கு ஓடியாந்த?”

“நீங்க ஓடுனீக, அதான் நிக்கல.”

“நீ ஓடுனதப் பாத்துத்தானடி நாங்க ஓடுனோம்!”

“நான் சும்மாதான் ஓடுனேன். தம்பி ஓடச் சொன்னாக.”

அத்தனை முகங்களும் என் பக்கம் திரும்பின. முதலாளி என் கழுத்து அட்டையை ஒருமுறை நிதானமாகப் படித்தார். பிறகு போர்மேனோடு அறை அறையாகப் பார்த்துவிட்டு வந்தார். புகை இல்லை, பொறி இல்லை, ஒரு சாக்கு மூட்டைகூடச் சாயவில்லை. யாருக்கும் கீறல் இல்லை.

உள்ளே போனோம். குளோரின் வட்டத்துக்குள் சுப்பையா அண்ணன் அப்படியே நின்றார். பக்கத்தில் மாமா, கையைக் கட்டிக்கொண்டு பாடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

“வாங்க தம்பி,” என்றார் சுப்பையா அண்ணன். “இம்புட்டு நேரமும் எனக்கு ஒண்ணுதான் கொறஞ்சுச்சு. இருந்த ஏழும் போயி இப்ப எட்டு கொறையுது.”

“நீங்க ஏண்ணே ஓடல?”

“மாரியம்மா என்கிட்ட வரத்தான ஓடுச்சு? நான் எதுக்கு ஓடணும்? இத்தனை பேருல பாடத்தைக் கவனிச்சது நான் ஒருத்தன்தான்.”

மாமா என்னை மேலும் கீழும் பார்த்தார். காலில் முள், வேட்டியில் புழுதி, கழுத்தில் சோடியம். கல்யாணம் நின்றது என்றே முடிவு செய்துவிட்டேன்.

“என்னைய விட்டுட்டு ஓடிட்டீகளே தம்பி.”

“மன்னிச்சிருங்க மாமா.”

“எதுக்கு மன்னிப்பு? ஒண்ணுமே ஆகாமலே இந்த ஓட்டம் ஓடுற ஆளு, ஏதாச்சும் ஆனா எல்லாருக்கும் முந்தி வீடு வந்து சேந்துருவீக. எம்பொண்ணு வாசல்ல நிக்க வேண்டியதில்ல. அதைப் பாக்கத்தான் நான் வந்தேன்.”

முதலாளி சிரித்ததை நான் பார்த்தது அன்றுதான். மாமா விடவில்லை. “எத்தனையோ வருசமா உப்பு விக்கிறேன். ஒரு கல்லு உப்புக்குள்ள இம்புட்டு ஓட்டம் இருக்குறது தெரியாமப் போச்சு. ஏன் தம்பி, கொடுக்கிறவன் பேரு மாறாது, வாங்குறவன் பேருதான் மாறும்னு இவரு சொல்றாரே, நெசமா?”

“நெசந்தான் மாமா.”

“அப்ப சரி. எம்பேரு அப்பிடியே இருக்கட்டும். நீங்க இன்னையிலருந்து மாப்பிள்ளை.”

மறுநாள் முதல் வேலையாக, சுவரில் நான் எழுதிய விதிக்குக் கீழே முதலாளி இன்னொரு வரி எழுத வைத்தார்: ‘பாடம் நடத்துவோர் நடந்தே நடத்தவும்.’ அந்தக் கம்பெனியை விட்டு வந்து வேறு வேலைக்குப் போய்விட்டேன். அந்த வரி இன்னும் இருப்பதாகச் சுப்பையா அண்ணன் போனில் சொல்கிறார். என் எண்ணை அவர் சோடியம் என்றுதான் சேமித்து வைத்திருக்கிறாராம்.

எங்கள் வீட்டில் கல்யாணப் பேச்சு எது வந்தாலும் மாமா இந்தக் கதையைத் தொடங்கிவிடுவார். கொடுத்தவர் அவர், வாங்கியவர் நான் என்று கையை நீட்டிக் காட்டுவார். எல்லாரும் சிரித்து முடிக்கும் வரை ஜீனத் காத்திருப்பாள்.

“அப்ப எலக்ட்ரான் நான்தான?” என்பாள். “மாரியம்மாக்கா மாதிரி நானும் நிக்காம கேட்டைத் தாண்டிப் போயிருக்கணும்.”