மேற்பார்வைப் பிள்ளை

பெற்றோருக்கு வயதாகிவிட்டால் பிள்ளைகள் மூன்று வகையாகப் பிரிந்துவிடுகிறார்கள். பார்த்துக்கொள்கிறவர்கள் ஒரு வகை. பார்த்துக்கொள்ளாதவர்கள் இன்னொரு வகை. இந்த இரண்டு வகையைப் பற்றியும் உறவினர்கள் கல்யாண வீடுகளில் வேண்டிய மட்டும் பேசிவிட்டார்கள். நான் சொல்ல வந்தது மூன்றாவது வகை. பார்த்துக்கொள்கிறவர்களைப் பார்த்துக்கொள்கிறவர். இவருக்கு மேற்பார்வைப் பிள்ளை என்று நான் பெயர் வைத்திருக்கிறேன்.

இவரை அடையாளம் காண்பது சுலபம். குடும்பத்துக்கென்று வாட்ஸாப் குழு ஆரம்பித்தவர் இவராகத்தான் இருப்பார். அதற்கு 'அப்பா நலன்' என்று பெயர் வைத்து, அப்பாவைத் தவிர எல்லாரையும் அதில் சேர்த்திருப்பார். அப்பாவின் ரத்த அழுத்தம், சர்க்கரை, எடை, நடந்த அடிகள், குடித்த தண்ணீர் எல்லாவற்றுக்கும் கட்டம் கட்டமாகப் பட்டியல் போட்டு, நல்லதற்குப் பச்சை, சுமாருக்கு மஞ்சள், மோசத்துக்குச் சிவப்பு என்று வண்ணம் அடித்திருப்பார். முதியோர் நலம் பற்றி எங்கே என்ன வந்தாலும் மேலே 'அவசியம் படிக்கவும்' என்று எழுதிக் குழுவில் போட்டுவிட்டுத்தான் பல் தேய்ப்பார். அவர் படித்தாரா என்று கேட்கிறீர்களா? படித்திருந்தால் அனுப்பியிருக்க மாட்டார். பாதிக் கட்டுரைகள் 'அடிக்கடி நேரில் சென்று பாருங்கள்' என்றுதான் முடிகின்றன.

கெட்டவர் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். அப்பாவுக்கு லேசாகக் காய்ச்சல் என்றால் இவருக்குச் சோறு இறங்காது. தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்களே, இவருடைய சதை நிஜமாகவே ஆடும். இவர் மட்டும்தான் இருந்த இடத்தை விட்டு அசையமாட்டார்.

எனக்கு மிக நன்றாகத் தெரிந்த மேற்பார்வைப் பிள்ளை என் மனைவியின் அண்ணன். எனக்கு மச்சான். சரக்குக் கிடங்குகளை மேற்பார்வை செய்யும் அதிகாரி. நாலு ஊர்களில் இருக்கும் கிடங்குகளில் எந்தப் பெட்டி எந்த அடுக்கில் இருக்கிறது என்பதை உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிவிடுவார். பெட்டிகள் விஷயத்தில் அவர் சொன்னது தவறியதே இல்லை.

என் மாமனார் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். எழுபத்தெட்டு வயது. மாமியார் போனபின் தனியாக இருந்தார். போன வருஷம் பக்கவாதம் வந்து இடது கால் சொன்ன பேச்சைக் கேட்காமல் போயிற்று. நாலு கால் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு குளியலறைக்கும் ஜன்னலோரத்து நாற்காலிக்கும் நடப்பார். காலை முதல் மாலை வரை உதவிக்கு ஒரு அம்மாள் இருந்தார். அந்த ஜன்னலிலிருந்து பார்த்தால் தெருக்கோடியில் பஸ் திரும்பும் வளைவு தெரியும். எந்த டிரைவர் வளைவை ஒடித்துத் திருப்புகிறார், எவர் நடைபாதைக் கல்லில் சக்கரத்தை ஏற்றுகிறார் என்று நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்கு வாழ்க்கையில் மிச்சம் இருந்த பெரிய சொத்து அந்த ஜன்னல்தான்.

மச்சான் நாலு மணி நேரப் பயணத் தொலைவில் இருந்தார். ஆகவே ஒரு கேமரா வாங்கி அனுப்பினார். பேசவும் கேட்கவும் வசதி உள்ளது. அந்த அறையில் இருந்த ஒரே பிளக் நாற்காலிக்குப் பின்புறச் சுவரில் இருந்ததால் கேமராவும் அங்கேயே பொருத்தப்பட்டது. சுவருக்கும் காது உண்டு என்பது பழைய சங்கதி. இந்தச் சுவருக்குக் கண்ணும் வாயும்கூட வந்துவிட்டன. அதன் வழியாக மச்சான் தினமும் தன் தகப்பனாரின் பின்தலையைக் கண்ணாரக் கண்டார். உச்சியில் வழுக்கை இரண்டு விரற்கடை அகலமாகியிருக்கிறது என்று குழுவில் அறிவித்தார். நாங்கள் கவலை தெரிவித்தோம்.

தினமும் காலை எட்டு மணிக்குச் சுவர் பேசும். "அப்பா, மாத்திரை போட்டாச்சா?" பதில் வராது. மச்சான் பத்து வரை எண்ணுவார். பிறகு பட்டியலில் 'பதில் இல்லை' என்று எழுதிச் சிவப்பு அடிப்பார். இப்படி எண்பத்து மூன்று நாள். எண்பத்து மூன்று சிவப்பு. நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். ஒவ்வொரு நாளும் அந்தச் சிவப்பின் கீழே கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன். என் மனைவி முழங்கால் அறுவை செய்துகொண்டு படியிறங்க முடியாமல் இருந்தாள். நான் அவளைப் பார்த்துக்கொள்கிறேன் என்ற பேரில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

எண்பத்து மூன்றாம் நாள் மாலை மச்சான் எங்களை ஃபோனில் கூட்டினார். அப்பாவுக்கு ஞாபகம் போய்விட்டது என்றார். ஒரு முதியோர் இல்லத்தில் ஞாபக மறதிக்காரர்களுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறதாம். அறைகள் எல்லாம் உள்முற்றத்தைப் பார்த்தவை. கதவு வெளியிலிருந்து பூட்டப்படும். பாதுகாப்பு, என்றார்.

என் மனைவி அழுதாள். தான் ஃபோன் செய்யும்போதெல்லாம் அப்பா 'நல்லா இருக்கேன், வச்சிடறேன்' என்று தெளிவாகச் சொல்கிறாரே என்றாள். அது பழக்க தோஷம், ஞாபகம் இல்லாதவர்களும் சொல்வார்கள் என்றார் மச்சான். உதவிக்கு இருக்கும் அம்மாள் 'நல்லாத்தான் பேசறாரு' என்றாரே என்றேன் நான். பட்டியலில் அந்த அம்மாளின் பெயருக்கு எதிரே 'நம்பகத்தன்மை குறைவு' என்று ஏற்கெனவே மஞ்சள் அடித்திருந்தது.

"அண்ணா, ஒரு தடவை நேர்ல போய்ப் பாத்துட்டு முடிவு பண்ணலாமே."

"நேர்ல பாத்தா எமோஷனல் ஆயிடுவோம்மா," என்றார் மச்சான்.

இல்லத்தில் சேர்க்க மதிப்பீட்டு அறிக்கை வேண்டும் என்றார்கள். அதற்கென்றே பராமரிப்பு மேலாளர் என்று ஒரு தொழில் இருக்கிறது. முடியாதவருக்கு என்ன தேவை என்று மதிப்பிட்டு, டாக்டர், உதவியாள், பிள்ளைகள் எல்லாரையும் ஓர் ஒழுங்குக்குக் கொண்டுவருகிறவர். அறிக்கையையும் அவர் எழுதட்டும், இடமாற்றத்தையும் அவரே நடத்தட்டும் என்று மச்சான் ஆள் தேடினார்.

மேற்பார்வைப் பிள்ளை ஆள் எடுக்கும் அழகை ஒருமுறையாவது பார்க்க வேண்டும். ஒன்பது பேர் வீடியோவில் வந்தார்கள். அறுபத்து நாலு கேள்விகள். அவசர நேரத்தில் உங்கள் முதல் ஐந்து நடவடிக்கைகளை வரிசையாகச் சொல்லுங்கள். ஒரு நாளில் எத்தனை முறை எனக்குத் தகவல் தருவீர்கள்? நான் அழைத்தால் எத்தனையாவது மணியில் எடுப்பீர்கள்? ஒருவர் இருபதாவது கேள்வியில் தண்ணீர் குடிக்கப் போனவர் திரும்பவே இல்லை. ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்த அம்மையார், பெரியவரை ராக்கெட்டில் ஏற்றி அனுப்பப் போகிறீர்களா என்று விசாரித்தார். ஒன்பதாவதாக வந்தவர் ஐம்பது வயதுப் பெண்மணி. பாதிக் கேள்விகளுக்கு மேல் அவர் சொன்னது ஒரே பதில்தான்.

"அவரைப் பாக்காம எப்படி சார் சொல்றது?"

மச்சான் 'தயக்கம்' என்று குறித்துக்கொண்டார். மற்ற எட்டுப் பேரும் வேறு வேலை கிடைத்துவிட்டது என்று சொல்லி ஒதுங்கியதால் இவருக்கே வேலை கிடைத்தது. அப்பா உங்களிடம் கடைசியாக என்ன சொன்னார் என்று அந்த மேலாளர் கேட்டாராம். மச்சான் பட்டியலைத் திறந்து பார்த்துவிட்டு, 'பதில் இல்லை' என்றாராம்.

மேலாளர் இரண்டு வாரத்தில் நாலு தடவை மாமா வீட்டுக்குப் போனார். ஒரு தடவை தகவல் அனுப்பினார். சனிக்கிழமை காலை பதினோரு மணிக்குப் பிள்ளைகள் எல்லாரும் நேரில் வர வேண்டும். வீடியோவில் கலந்துகொள்ளலாமா என்று மச்சான் கேட்டார். கூடாது என்று பதில் வந்தது.

ஆக, பதினோரு மாதம் கழித்து மச்சான் அந்த வீட்டுக்குள் நுழைந்தார். நுழைந்ததும் என்ன செய்தார்? கேமராவின் கண்ணைக் கைக்குட்டையால் துடைத்தார். இன்டர்நெட் பெட்டியில் எத்தனை விளக்கு எரிகிறது என்று எண்ணினார். குளியலறைக் கைப்பிடியை ஆட்டிப் பார்த்தார், மாத்திரைப் பெட்டியைத் திறந்து மூடினார், ஊன்றுகோலின் ரப்பர் தேய்ந்திருப்பதைப் படம் எடுத்தார். அரை மணி நேரம் அந்த வீட்டில் அவர் தொடாத பொருள் இல்லை. மாமா ஜன்னலைப் பார்த்தபடி நாற்காலியில் இருந்தார். நானும், அதற்குள் என் கையைப் பிடித்துப் படியிறங்கும் அளவுக்குத் தேறியிருந்த என் மனைவியும் முன்னால் போய்ப் பேசினோம். கையைத் தட்டிக் கொடுத்து, கால் எப்படி இருக்கு என்று மகளைத்தான் விசாரித்தார். மச்சான் அந்த நாற்காலிக்குப் பின்னால் பத்துத் தடவையாவது போய்வந்திருப்பார்.

"சார், தினமும் கேக்கற மாதிரி இப்ப ஒரு தடவை கேளுங்க," என்றார் மேலாளர்.

மச்சான் ஃபோனை எடுத்தார். அப்பாவுக்குப் பின்னால் ஐந்தடி தூரத்தில் நின்றுகொண்டு ஃபோனைப் பார்த்து, "அப்பா, மாத்திரை போட்டாச்சா?" என்றார். ஒரு நொடி கழித்துச் சுவரும் அதையே கேட்டது. மாமா அசையவில்லை. வளைவில் ஒரு பஸ் திரும்பியது. மச்சான் பத்து வரை எண்ணிவிட்டு எங்களைப் பார்த்தார். தான் சொன்னது சரி என்பதில் அவருக்குத் துக்கமும் திருப்தியும் சம அளவில் இருந்தன.

மேலாளர் ஒரு ஸ்டூலை எடுத்து மாமாவுக்கு முன்னால் போட்டார். "இங்க வந்து உக்காருங்க. ஃபோன் என்கிட்ட இருக்கட்டும்."

ஃபோனைக் கொடுக்க மச்சான் எடுத்துக்கொண்ட நேரத்தில் இன்னொரு பஸ் போய்விட்டது. உட்கார்ந்தார். அப்பாவின் முகம் அவருக்கு இரண்டடி தூரத்தில் இருந்தது. ஊர் பேர் தெரியாத ஒன்பது பேரிடம் அறுபத்து நாலு கேள்வி கேட்ட மனிதருக்கு அந்த இடத்தில் ஒரு கேள்வியும் வரவில்லை. கடைசியில் தெரிந்ததையே கேட்டார்.

"அப்பா, மாத்திரை போட்டாச்சா?"

மாமா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"போட்டாச்சு. நீ எப்பப்பா வந்தே?"

என் மனைவி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது. நான் உயர்த்திக் காட்டிய கட்டைவிரல்கள் எல்லாம் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தன. மேலாளர்தான் மெதுவாகக் கேட்டார், சுவரிலிருந்து தினமும் கூப்பிடுவது காதில் விழவில்லையா என்று.

"விழாம என்ன? நல்லாவே விழும்," என்றார் மாமா. "முப்பத்தோரு வருஷம் வண்டி ஓட்டியிருக்கேன். பின்னாலேருந்து வர்ற குரலுக்கெல்லாம் திரும்பினா வண்டி எங்க போகும்? ஓட்டுநரிடம் பேசாதீர்கள்னு என் தலைக்கு மேலயே எழுதி வச்சிருந்தாங்க. பேசணும்னா முன்னால வரட்டும்னு இருந்தேன்."

அறிக்கை ஒரே பக்கம். ஞாபகத்தில் குறை இல்லை. இல்லம் தேவையில்லை. காலுக்குப் பயிற்சி வேண்டும். இருக்கும் உதவியாளே போதும், நம்பகமானவர். கடைசி வரி: மகன், பதினைந்து நாளுக்கு ஒரு முறை, நேரில், முன்னால் உட்கார்ந்து. மச்சான் அதை இரண்டு முறை படித்தார். பிறகு எழுந்து பின்பக்கம் போய்க் குளியலறைக் கைப்பிடியை மறுபடியும் ஆட்டிப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். வந்தபோது கண் சிவந்திருந்தது. பட்டியலில் அதற்குக் கட்டம் இல்லாததால் குறிக்கப்படவில்லை.

அதோடு அவர் திருந்திவிட்டார் என்று நினைத்தால் உங்களுக்கு இந்த வகையைத் தெரியாது. அன்று மாலையே குழுவில் செய்தி வந்தது. ஒன்பது பேரைச் சலித்து எடுத்ததால்தான் சரியான மேலாளர் கிடைத்தார், தேர்வுமுறைக்கு வெற்றி. நீள ஒயர் ஒன்று வாங்கிக் கேமராவை ஜன்னல் பக்கம் மாற்றிவிட்டார், இப்போது அப்பாவின் முகம் தெரியுமாம். தெரியாது. மாமா குளித்துவிட்டு வந்ததும் துண்டை அதன் மேல்தான் காயப்போடுகிறார். ஆனால் பதினைந்து நாளுக்கு ஒரு முறை மச்சான் தவறாமல் வந்துவிடுகிறார். பட்டியலில் அதற்கும் ஒரு கட்டம் போட்டுவிட்டாரல்லவா, அது காலியாக இருந்தால் அவருக்குப் பொறுக்காது. ஸ்டூலில் உட்காருகிறார். அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து டிரைவர்களைத் திட்டுகிறார்கள். வீட்டுக்குப் போய்ப் பச்சை அடிக்கிறார்.

சரி, நீங்கள்? உங்கள் அப்பாவோ அம்மாவோ உட்காரும் நாற்காலி எந்தப் பக்கம் பார்த்துப் போட்டிருக்கிறது? விசாரித்துச் சொல்கிறேன் என்று வாயெடுத்தீர்களே, அதை நான் கவனித்தேன். போகட்டும். இவ்வளவையும் படிக்கும்போது உங்கள் அண்ணன் முகமோ தங்கை முகமோ கண் முன்னால் வந்திருக்கும். அடடா, அப்படியே அவர்தான் என்று தோன்றியிருக்கும். இதை உடனே அவருக்கு அனுப்ப வேண்டும் என்று விரல் பரபரக்கிறதா? தாராளமாக அனுப்புங்கள். மேலே 'அவசியம் படிக்கவும்' என்று எழுத மறந்துவிடாதீர்கள்.